சறுக்கும் கையும் காக்கும் ஒழுங்கும்



பொழுது புலருமுன் காரியாபட்டிக் கடைவீதியிலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களின் மந்தைகளிலும் வேன்கள் வந்து நிற்கின்றன. தூக்குச்சட்டியைக் கையிலேந்திய ஆடவரும் பெண்டிரும் அவற்றில் ஏறிப் பட்டாசு ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் கல்குவாரிகளுக்கும் செல்கின்றனர். வாயிற்படியில் நின்று வழியனுப்பும் தாய்மார் சொல்லும் சொல் பெரும்பாலும் ஒன்றே: "பார்த்து வேலை செய்யப்பா." அச்சொல்லில் அன்பு இருக்கிறது, வெளியே சொல்லாத அச்சமும் இருக்கிறது. மழை பொய்த்த கரிசல் நிலம் சோறு போடாத ஆண்டுகளில் நம் மக்களுக்குச் சோறு போட்டது இவ்வேலைதான். ஆதலால் அச்சத்தை விழுங்கிக்கொண்டு அனுப்புகிறோம்.

ஆனால், பார்த்து வேலை செய் என்று சொல்லிவிட்டால் போதுமா? மனிதனால் எட்டு மணி நேரம் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா? முடியாதெனில், அம்முடியாமையை அறிந்த நாம் செய்யவேண்டுவது யாது? இம்மாதம் இவ்வினாவைக் குடும்பமாக அமர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

நினைவில் நிறுத்த வேண்டிய நாட்கள்

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து நாற்பதை ஒட்டிய உயிர்கள் மாண்டன. முதல் வெடிப்பைக் கண்டு உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தோரில் பலரை, அடுத்து நிகழ்ந்த பெருவெடிப்பு வாரிக்கொண்டது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை வட்டாரத்து இராமுதேவன்பட்டியில் பத்துப் பேர் இறந்தனர். அதே ஆண்டு மே முதல் நாள், தொழிலாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பருக்கு நாம் விழா எடுக்கும் அந்நாளிலேயே, நம் காரியாபட்டிக்கு அருகில் ஆவியூர்ப் பக்கத்துக் கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று தொழிலாளர் உடல் சிதறி இறந்தனர்.

எவரையும் குற்றஞ்சாட்டுவதற்காக இவற்றை நாம் எழுதவில்லை. வழக்குகளைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் பணி. இத்தகைய விபத்து ஒவ்வொன்றுக்கும் பின்னர் ஊரில் உலவும் ஒரு சொல்லைப்பற்றியே நாம் பேச விழைகிறோம். "தொழிலாளியின் கவனக்குறைவுதான் காரணம்" என்பதே அச்சொல். இறந்தவன் மறுத்துப் பேச வரமாட்டான். ஆதலால் அச்சொல் எளிதில் நிலைத்துவிடுகிறது. அது பல வேளைகளில் உண்மையின் ஒரு கூறாகவும் இருக்கலாம். ஆயினும் அந்த ஒரு கூறோடு விசாரணையை முடித்துக்கொள்ளும் சமூகம், அடுத்த விபத்துக்கு நாள் குறித்துக்கொடுக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

கவனம் தேய்வது மனித இயல்பு

இரண்டாம் உலகப்போரின்போது ஆங்கிலேய விமானப்படையினர் ரேடார் என்னும் கருவித்திரையை நோக்கிப் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிவந்தனர். பயிற்சியும் நாட்டுப்பற்றும் மிக்க அவ்விளைஞர்களே, திரையில் தெளிவாகத் தோன்றிய புள்ளிகளைச் சில வேளைகளில் காணத் தவறினர். காரணம் அறியும்பொருட்டு நார்மன் மெக்வொர்த் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஒரு சோதனை செய்தார். கடிகார முள்போன்ற ஒரு முள் ஒவ்வொரு படியாகத் தாவிச் செல்லும். எப்பொழுதாவது அரிதாக இரண்டு படிகளை ஒருசேரத் தாவும். அதனைக் கண்டவுடன் ஒரு விசையை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இவ்வேலை. 1948-இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது: முதல் அரை மணி நேரம் கடந்ததுமே கண்டுபிடிக்கும் திறன் குறைந்துவிட்டது. அரை மணிக்கொருமுறை ஆளை மாற்றி ஓய்வு தந்தபோது அது குறையாமல் நின்றது. சோம்பலோ அக்கறையின்மையோ இதற்குக் காரணமன்று. மனித மனத்தின் அமைப்பே அப்படி.

இதனைத் திருச்சபையின் பழந்தந்தையர் ஆய்வுக்கூடம் இன்றியே அறிந்திருந்தனர். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்னும் துறவி, நண்பகல் வேளையில் துறவியின் உள்ளத்தைப் பற்றும் ஒருவகை அயர்ச்சியைப்பற்றி விரிவாக எழுதினார். அப்பொழுது கதிரவன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும்; உணவு வேளை வந்துவிட்டதா என்று கண் வானத்தை நாடும்; செய்கின்ற வேலை கசக்கும். புனித அந்தோணியாரும் இவ்வயர்ச்சியால் வருந்தினார் என்றும், தம்மைப்போன்ற ஒருவர் சிறிது நேரம் அமர்ந்து கயிறு திரிப்பதையும், பின் எழுந்து செபிப்பதையும், மீண்டும் அமர்ந்து திரிப்பதையும் காட்சியாகக் கண்டு தேறினார் என்றும் பாலைவனத் தந்தையர் மரபு கூறுகிறது. "இன்னும் இறுக்கிப் பிடி, இன்னும் உற்றுப் பார்" என்று அக்காட்சி சொல்லவில்லை. வேலையை மாற்றிச் செய் என்றே சொல்லிற்று. பாலைவனத் துறவியும் கேம்பிரிட்ஜ் அறிஞரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே.

ஆகவே, காலை முதல் மாலை வரை ஒரே அறையில் ஒரே குழாயில் மருந்து செலுத்திக்கொண்டிருக்கும் பெண்ணின் கை பிற்பகலில் ஒருமுறை சறுக்கினால், அது அவள் குணக்கேடன்று. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. சறுக்கும் என்பதை முன்கூட்டியே எண்ணி ஏற்பாடு செய்யாதவரே பொறுப்பேற்க வேண்டியவர்.

சறுக்கல் வேறு, மீறல் வேறு

இங்கு இரண்டைப் பிரித்து அறிய வேண்டும். கைநழுவிப் பாத்திரம் விழுவது, செய்ததை மறந்து மறுமுறை செய்வது, ஒன்றை எடுக்கப்போய் மற்றொன்றை எடுப்பது ஆகியன சறுக்கல்கள். நால்வர் இருக்க வேண்டிய அறையில் எண்மர் அமர்வது, மிஞ்சிய மருந்தை அழிக்காமல் மறுநாளுக்கு வைப்பது, அறையை விட்டு மரத்தடியில் அமர்ந்து வேலை செய்வது ஆகியன மீறல்கள். சறுக்கல் அறியாமல் நிகழ்கிறது. மீறலோ அறிந்தே செய்யப்படுகிறது. சறுக்கலைக் குறைக்க நல்ல அமைப்பு வேண்டும். மீறலைத் தவிர்க்கத் தன்னடக்கம் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவைப் பட்டாசு ஆலையின் விதிகள் தெளிவாக்குகின்றன. 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் வேலை அறைகளுக்கு இடையே இடைவெளி வேண்டும் என்கின்றன. ஓர் அறையில் இருக்கத்தக்க ஆட்களையும் மருந்தின் அளவையும் வரையறுக்கின்றன. மருந்து கையாளும் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பதை நம் ஊரில் அவ்வேலைக்குப் போகும் எவரும் அறிவர். இவ்விதியை வகுத்தவர் மனத்தில் என்ன இருந்தது? "விபத்தே நேராது" என்று நம்பியவர் இடைவெளி விடச் சொல்லமாட்டார். என்றேனும் ஒரு கை சறுக்கும் என்று அறிந்தவரே, அச்சறுக்கல் ஓர் அறையோடு நிற்கட்டும், அடுத்த அறைக்குத் தாவாதிருக்கட்டும் என்று எண்ணி அதனை வகுத்தார்.

ஒவ்வொரு சிறு விதியும் இவ்வாறே. இரும்புக் கருவி கூடாது, மரமோ பித்தளையோ அலுமினியமோ வேண்டும் என்பது, தவறி விழுந்தாலும் பொறி பறவாதிருப்பதற்காக. நைலான் உடை ஆகாது, பருத்தியே வேண்டும் என்பதும், அறைக்குள் நுழையுமுன் உலோகத் தகட்டைத் தொடவேண்டும் என்பதும், உடலில் சேரும் நிலைமின்சாரம் மருந்தருகே பொறியாகாமல் மண்ணில் இறங்குவதற்காக. அன்று கலந்த மருந்தை அன்றே தீர்க்கவேண்டும், மிஞ்சியதை முறைப்படி அழிக்கவேண்டும் என்பது, அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் புகுந்தால் உள்ளுக்குள் சூடு பிறக்கும் என்பதற்காக. குவியலாகக் கிடந்தால் அச்சூடு வெளியேற வழியின்றிப் பெருகிக் கலவை தானே தீப்பற்றக்கூடும். இரவெல்லாம் அமைதியாகக் கிடந்ததுபோல் தோன்றும் மருந்தைக் காலையில் கையால் அளைபவர், தாம் செய்யாத பிழைக்கு உயிரை விலையாகக் கொடுக்கிறார்.

சறுக்கலுக்கும் சாவுக்கும் நடுவே விதி ஒரு சுவராக நிற்கிறது. மீறுகின்றவன் தான் சறுக்காமலிருக்கலாம். ஆயினும் பிறர் சறுக்கும்போது அவர்களைக் காக்கவேண்டிய சுவரை அவன் இடித்துவிடுகிறான். நால்வர் அறையில் எண்மரை அமர்த்தும் கணத்தில் ஒன்றும் வெடிப்பதில்லை. ஆனால் அதுவரை ஒரு கொப்புளத்தோடு போயிருக்கக்கூடிய சிறு பிழை, அக்கணம் முதல் எட்டு வீடுகளின் விளக்கை அணைக்கவல்லதாகிவிடுகிறது.

"இத்தனை ஆண்டும் ஒன்றும் ஆகவில்லையே"

மீறுவோர் எல்லாரும் கொடியவர் அல்லர். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் சரக்குக்கு நெருக்குதல் மிகும். கூலியோ எண்ணிக்கைக் கணக்கு. கூடுதல் குழாய் நிரப்பினால் கூடுதல் காசு. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மகளின் திருமணத்துக்கோ வாங்கிய முன்பணம் தலைமேல் நிற்கும். உரிமம் பெற்றவர் தாமே நடத்தாமல் அறைகளை உள்குத்தகைக்கு விட்டிருந்தால், குத்தகை எடுத்தவர் குறுகிய காலத்தில் போட்ட பணத்தை எடுக்க விரைவார். இவ்வாறு ஒவ்வொருவரும் தமக்குப் பின்னிருப்பவரின் நெருக்குதலால் முன்னே தள்ளப்படுகின்றனர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு மயக்கம் உண்டு. ஒருநாள் விதியை மீறினோம், ஒன்றும் நேரவில்லை. மறுநாளும் மீறினோம்; மாலையில் நலமாக வீடு திரும்பினோம். இப்படி ஐந்து ஆண்டுகள் கழிந்தால், மீறலே வழக்கமாகிவிடுகிறது. விதியைச் சொல்பவன் கோழையாகத் தோன்றுகிறான். வள்ளுவர் இம்மயக்கத்தை நன்கறிந்து 'பொச்சாவாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். பொச்சாப்பு என்பது, நிறைவினால் உண்டாகும் களிப்பில் கடமையை மறத்தல். துன்பத்தில் இருப்பவன் விழிப்பாக இருப்பான். எல்லாம் நலமாய் நடக்கிறதென்று களிப்பவனே மறப்பான்.

அவ்வதிகாரம் அமைந்த இடமும் நோக்கத்தக்கது. ஆளுவோருக்கான அரசியல் பகுதியில் அதனை வைத்தார் வள்ளுவர். அடக்கமுடைமையையோ இல்லறவியலில் வைத்தார். விழிப்போடிருக்கும் கடமை முதற்கண் ஆளுவோருடையது. வேலைத்தலத்தில் ஆளுவோர் முதலாளியும் போர்மேனும். தன்னை அடக்கும் பயிற்சியோ வீட்டில் தொடங்குவது. நம் பங்குக் குடும்பங்களில் இவ்விரு வகையினரும் இருக்கின்றனர்.

மனவலிமையை மட்டும் நம்பலாமா?

தன்னடக்கம் என்றவுடன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையை எதிர்த்து நிற்பதென்றே பலரும் எண்ணுகின்றனர். ஞானோபதேச வகுப்பில் நாம் சிறுவயதிலேயே கற்றது வேறு. பாவத்தை வெறுத்தால் மட்டும் போதாது, பாவத்துக்கு ஏதுவான சந்தர்ப்பத்தையும் விலக்க வேண்டும் என்று கற்றோம். குடியை விட விரும்புகிறவன் மதுக்கடை வாசலில் நின்றுகொண்டு தன் மனவலிமையைச் சோதிக்கக்கூடாது. வேறு தெருவழியே வீட்டுக்கு வரவேண்டும். திருச்சபையின் இப்பழைய அறிவுரை ஆன்மாவுக்கு மட்டுமன்று, வேலைத்தலத்துக்கும் பொருந்தும்.

பீடியையும் தீப்பெட்டியையும் கைப்பேசியையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தொடமாட்டேன்" என்று உறுதிகொள்வதைவிட, வாயிலிலேயே ஒப்படைத்துவிட்டுச் செல்வது நன்று. ஓர் அறைக்கு அன்றைக்கு வேண்டிய மருந்தை மட்டுமே கொடுத்தால், மிஞ்சியதை என்ன செய்வதென்ற சோதனையே எழாது. 1992-இல் நடுவண் அரசு, கந்தகத்துடன் பொட்டாசியம் குளோரேட்டைச் சேர்த்துப் பட்டாசு செய்வதைத் தடை செய்தது. சிறு உராய்விலேயே வெடிக்கும் கலவை அது. "மெல்ல உராயுங்கள்" என்று அறிவுரை கூறுவதைவிட, அக்கலவையையே விலக்கியது அறிவுடைய செயல். சந்தர்ப்பத்தை விலக்குவது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நம் வட்டாரத்தில் இல்லை.

பிழையைக் குறைத்த எளிய வழிகள்

பிழையை முற்றும் ஒழிக்க இயலாது. ஆனால் பெரிதும் குறைக்க இயலும் என்பதற்குச் சான்றுகள் உண்டு.

முதலாவது, வாய்விட்டுச் சொல்லுதல். ஜப்பான் நாட்டு இரயில்வே ஊழியர் சைகை விளக்கை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்லிய பின்னரே செயற்படுவர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே வழங்கிவரும் பழக்கம் இது. 1994-இல் அந்நாட்டு இரயில்வே ஆய்வு நிலையம் சோதித்துப் பார்த்தபோது, ஓர் எளிய வேலையில் நூற்றுக்கு ஏறக்குறைய 2.4 ஆக இருந்த பிழை, சுட்டிக்காட்டிச் சொல்லியபோது 0.4-க்கும் கீழே இறங்கிற்று. கண்ணோடு கையும் வாயும் காதும் சேரும்போது மனம் ஓடிப்போக முடிவதில்லை. நம் நாட்டு இரயிலிலும் ஓட்டுநரும் உதவியாளரும் சைகை விளக்கின் நிலையை ஒருவர்க்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கின்றனர்.

இரண்டாவது, பட்டியல் வைத்துச் சரிபார்த்தல். உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை மருத்துவத்துக்கென ஒரு பக்கப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நோயாளியின் பெயர் சரியா, அறுக்கவேண்டிய இடம் சரியா, பஞ்சும் கருவிகளும் எண்ணப்பட்டனவா என்பனபோன்ற எளிய வினாக்களே அதில் இருந்தன. புதுடில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அதனைக் கையாண்டதன் விளைவு 2009-இல் வெளிவந்தது. அறுவைக்குப்பின் இறப்பு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆயிற்று, பெருந்தொல்லைகள் 11-லிருந்து 7 ஆயின. கற்றுத்தேர்ந்த மருத்துவருக்கே பட்டியல் தேவையென்றால், நமக்கு அது இழிவாகுமா?

மூன்றாவது, வேலையை மாற்றிக்கொள்ளுதல். மருந்து தொடும் வேலையில் சிறிது நேரம் இருந்தவர், சிறிது நேரம் தாள் சுற்றும் வேலைக்கும் பெட்டி அடுக்கும் வேலைக்கும் மாறலாம். நூற்பாலையில் இரவுமுறை செய்வோருக்கும், நான்குவழிச் சாலையில் இரவில் வண்டி ஓட்டுவோருக்கும் இது பொருந்தும். கண்ணைக் கசக்கிக்கொண்டு விழித்திருப்பது வீரமன்று. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் உறங்குவதே வீரம்.

நான்காவது, "நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை. அறையிலிருக்கும் எளிய பெண்ணொருத்தி, "அண்ணே, இது நேத்து மிஞ்சுன மருந்து மாதிரித் தெரியுதே?" என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அதெல்லாம் உனக்கெதுக்கும்மா, கையை ஓட்டு" என்று போர்மேன் விடையிறுத்தால், அன்றோடு அவ்வறையின் நான்கு இணைக் கண்களும் மூடிக்கொண்டன. இனி எவரும் எதையும் சொல்லார். "நல்ல வேளை சொன்னே தாயி, நிறுத்து, பார்த்துருவோம்" என்று அவர் கூறினால், அன்றுமுதல் அவ்வாலையில் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு காவலாளி.

கூலி குறையுமே?

"சாமி, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் மாறி மாறி வேலை செய்து ஓய்வும் எடுத்தால், எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். எங்கள் அடுப்பை யார் எரிப்பார்?" இவ்வினா நியாயமானது. இதற்கு விடை கூறாத எந்த அறிவுரையும் வெறும் சொல்லே.

1891-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலைபற்றி எழுதிய சுற்றுமடலில், வேலை நேரம் மனிதனின் வலிமைக்கு மிஞ்சக்கூடாது என்றும், வேலையின் தன்மைக்கேற்ப ஓய்வு வேண்டும் என்றும் கற்பித்தார். சுரங்கத்திலும் கல்குவாரியிலும் உழைப்போருக்கு, அவ்வேலையின் கடுமைக்கேற்ப நேரத்தைக் குறைக்கவேண்டும் என்பதையும் தனியே எடுத்துரைத்தார். அப்படியெனில், பாதுகாப்புக்கென எடுக்கும் ஓய்வின் செலவைத் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிப்பது நீதியாகாது. அது பொருளின் அடக்கவிலையில் சேரவேண்டிய செலவு. மருந்து கலக்கும் வேலைக்கும் செலுத்தும் வேலைக்குமாவது எண்ணிக்கைக் கூலியை விட்டு நாட்கூலி தருவது முதலாளிமாரின் கடமையென நாம் கருதுகிறோம். விரைந்தால்தான் சோறு என்று விதித்துவிட்டு, விரையாதே என்று சுவரில் எழுதி வைப்பதில் பொருளில்லை.

பட்டாசு வாங்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு. கடைசி வாரத்தில் நாம் எல்லாரும் மலிவைத் தேடி ஓடும்போது, அம்மலிவின் விலையை எங்கோ ஓர் அறையில் ஒருத்தி தன் கையால் கட்டுகிறாள் என்பதை எண்ணுவோமாக.

வீட்டில் தொடங்குவோம்

கவனமும் அடக்கமும் வேலைத்தலத்தில் திடீரென முளைப்பவை அல்ல. வீட்டில் பழகியவனுக்கே அவை வெளியில் கைகொடுக்கும். ஆகவே குடும்பங்களுக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

இரவு படுக்குமுன் எரிவாயு உருளையின் திருகைக் கையால் தொட்டு, "மூடியாயிற்று" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்குமுன் புட்டியின் பெயரையும் அளவையும் மற்றொருவர் கேட்கும்படி படியுங்கள். கொடுத்த நேரத்தை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தாய் கொடுத்ததை அறியாமல் தந்தையும் கொடுப்பது எத்தனை வீடுகளில் நிகழ்கிறது! இருசக்கர வண்டியில் ஏறுமுன் கைப்பேசியைப் பைக்குள் வைத்து மூடுங்கள். பிள்ளைகள் கைதவறி எதையேனும் உடைத்துவிட்டு வந்து உள்ளதைச் சொன்னால், அடிக்காதீர்கள். சறுக்கலைச் சொன்னதற்காக அடிவாங்கிய பிள்ளை, நாளை வேலைத்தலத்தில் ஆபத்தைக் கண்டாலும் வாய் திறவாது. அறிந்தே செய்த மீறலையோ, ஒன்றும் நேராமற்போனாலும், கண்டியுங்கள். "ஒன்றும் ஆகவில்லையே" என்ற சொல்லுக்கு வீட்டில் இடங்கொடாதீர்கள்.

வேலைக்குச் செல்லும் மகனிடம் மாலையில், "எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று கேட்குமுன், "இன்றைக்கு அறையில் எத்தனைபேர் இருந்தீர்கள்? மிஞ்சிய மருந்தை என்ன செய்தார்கள்?" என்று கேளுங்கள். பெற்றோர் எதைக் கேட்கின்றனரோ அதையே பிள்ளைகள் பெரிதாகக் கொள்வர். ஒருநாள் அவன், "நால்வர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேரை உட்காரச் சொன்னார்கள், நான் எழுந்து வந்துவிட்டேன்" என்று வெறுங்கையோடு வீடு திரும்பலாம். அன்று அவனைக் கடிந்துகொள்ளாமல் சோறு போடுங்கள். அரைநாள் கூலியை இழக்கும் துணிவு அவனுக்கு வேண்டுமாயின், அதனைத் தாங்கும் துணிவு குடும்பத்துக்கு வேண்டும். எழுந்து வந்தவன் உயிரோடிருக்கிறான். அவன் எழுந்ததைக் கண்டு மற்றவரும் எழுந்தால், அவ்வறையில் மீண்டும் நால்வரே இருப்பர்.